கால்வாய் ஷீட்டில் எக்செல் அட்டவணை: ஆட்டோகேட் டேட்டா லிங்க் எப்படி இருக்கிறது?

டெல்டாவில் வாய்க்காலுக்கு எல்.எஸ். (நீளவாக்கில் தரைமட்டம் காட்டும் வெட்டுப் படம்) போடுகிறவர்களுக்கு மூன்றாவது தசம இலக்கம்தான் உயிர். 5000-க்கு 1 வாட்டம் என்றால் 30 மீட்டர் செயினேஜுக்கு (வாய்க்கால் வழியே அளந்த தூரம்) இறக்கம் வெறும் 6 மில்லிமீட்டர்; லெவல் 12.350 மீட்டருக்கு அடுத்தது 12.344. கடைசி இலக்கம் பிளாட்டில் (அச்சில்) மங்கினால் வாட்டமே தெரியாது. எக்செல் லெவல் அட்டவணையை ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்குள் கொண்டுவர, இந்த வேலைக்கு நம்பக்கூடிய வழி 2008 பதிப்பில் வந்த டேட்டா லிங்க்தான்; எக்செல் ஃபைலோடு இணைந்த அட்டவணையை அது டிராயிங்கில் வைக்கும்.

காப்பி பண்ணி அப்படியே பேஸ்ட் பண்ணினால் வருவது ஓஎல்இ (வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய பொருள்). அது ஷீட்டின் மேல் படத்தை ஒட்டியது மாதிரி. மோனோகுரோம் சிடிபி (எல்லாவற்றையும் கறுப்பில் அச்சிடச் சொல்லும் அமைப்பு ஃபைல்) அதன் நிறத்தைத் தொடாது. நீளமான அட்டவணையில் கீழ் வரிசைகள் வெட்டுப்படும், பிடிஎஃப்-ல் எழுத்து பிசிறடிக்கும். ஏற்கெனவே அப்படி ஒட்டிய பழைய ஃபைல் கைக்கு வந்தால் ஆட்டோகேடில் ஓஎல்இகுவாலிட்டி அமைப்பை 2, ஓஎல்இஃப்ரேம் அமைப்பை 0 என்று வைத்து பிளாட் எடுங்கள், ஓரளவு தேறும்.

டேட்டா லிங்க்குக்கு முதலில் டிராயிங்கை சேவ் செய்யுங்கள். சேவ் ஆகாத ஃபைலில் ரிலேட்டிவ் பாத் (டிராயிங் இருக்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் முகவரி) எடுக்காது. டேட்டாலிங்க் கட்டளையில் எக்செல் ஃபைலைக் காட்டி, முழு ஷீட்டையும் எடுக்காமல் ஏ1 முதல் எஃப்41 வரை என்று ரேஞ்ச் கொடுங்கள். அதே பெட்டியின் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால்தான் முக்கியமான அமைப்புகள் திறக்கும். அங்கே ‘கன்வெர்ட் டேட்டா ஃபார்மட்ஸ் டு டெக்ஸ்ட்’ தேர்வு செய்தால் 12.350 கடைசி பூஜ்யத்தோடு வரும். ‘யூஸ் எக்செல் ஃபார்மட்டிங்’ டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் எக்செல் நிறங்கள் ட்ரூ கலராக (ஆட்டோகேடின் எண்ணிட்ட நிறங்களில் சேராதவை) வரும். சிடிபி அதை மாற்றாது, கறுப்பு வெள்ளை ஷீட்டில் மஞ்சள் கட்டம் அப்படியே அச்சாகும். ‘அலோ ரைட்டிங் டு சோர்ஸ் ஃபைல்’ டிக்கும் வேண்டாம். லெவல் ஷீட்டை டிராயிங் பக்கமிருந்து யாரும் திருத்தக்கூடாது.

பிறகு டேபிள் கட்டளையில் இந்த லிங்க்கைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையை மாடலில் (வரையும் இடம்) வைக்காமல் லேஅவுட்டில் (அச்சுத் தாள் பக்கம்) வையுங்கள். எழுத்து உயரம் 2.5 என்றால் தாளிலும் 2.5 மில்லிமீட்டரே.

பலரும் தடுக்கி விழுவது மார்ஜினில். மெட்ரிக் டேபிள் ஸ்டைலில் செல் மார்ஜின் (எழுத்துக்கும் கட்டக் கோட்டுக்கும் இடைவெளி) 1.5. வரிசை உயரம் என்பது எழுத்து உயரத்தின் 4/3 பங்கோடு மேல் கீழ் மார்ஜின் சேர்ந்தது, 3.33-ம் 3-ம் சேர்த்து 6.33. 40 வரிசைக்கு 253 மில்லிமீட்டர் ஆகிவிடும். படுக்கை ஏ3-ன் உயரமே 297. பார்டரும் டைட்டில் பிளாக்கும் போனால் எதற்கும் இடம் இல்லை. செங்குத்து மார்ஜினை 0.5 ஆக்கினால் அதே 40 வரிசை 173-ல் அடங்கும். இன்னும் நீளம் என்றால் பிராபர்ட்டீஸில் டேபிள் பிரேக்ஸை இயக்கி, தலைப்பு வரி ஒவ்வொரு பகுதியிலும் திரும்ப வரும்படி வைக்கலாம். இந்த வசதி அருமை.

ஊர்ப்பெயர், மதகுப் பெயர் தமிழில் இருந்தால் டெக்ஸ்ட் ஸ்டைலில் ஆட்டோகேடின் சொந்த எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துரு இருக்கக்கூடாது, கேள்விக்குறிகள்தான் வரும். யூனிகோடுக்கு லதா அல்லது நிர்மலா வையுங்கள். எக்செலில் பாமினியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு) அடித்திருந்தால் இங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் அங்கேயே யூனிகோடாக மாற்றிவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு: டிராயிங்கைத் திறக்கும் கணினியில் எக்செல் இல்லாவிட்டால் லிங்க் புதுப்பிக்காது. பிளாட் கடைக்குக் கிளம்பும் முன் டேட்டாலிங்க்அப்டேட் ஒரு தடவை ஓட்டிவிட்டு, பிடிஎஃப் எடுத்து, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்.