ஜெம்பே: கனமரமா, லேசான மரமா, செயற்கையா?

கையால் தட்டி வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்கத் தோல் முரசான ஜெம்பேயை வாங்கப் போகிறவர் முன்னால் இன்று நான்கு வகைகள் இருக்கின்றன. மாலி, கினி, ஐவரி கோஸ்ட் பகுதிகளில் குடைந்த கனமரக் கட்டை, கானாவில் செய்யும் லேசான கட்டை, இந்தோனேசிய மகோகனி, அப்புறம் ரெமோ, மைனல், டோக்கா நிறுவனங்களின் செயற்கை ஜெம்பே. படத்தில் எல்லாம் ஒரே கோப்பை வடிவம்தான். தட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என் ஓட்டு முதல் வகைக்கே. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மக்களிடையே நூமு எனும் கொல்லர் மரபினர் குடைந்துவந்த கருவி இது. லெங்கே, ஜலா, கெனி போன்ற கனத்த மரங்களில், ஒரே துண்டாகக் குடைவார்கள். தோல் கட்டிய முகம் 30 முதல் 35 செ.மீ. அகலம், உயரம் 60 செ.மீ. அளவில் இருந்தால் எடை பத்துக் கிலோவை ஒட்டி வரும். தூக்கிப்போவது சிரமம்தான். ஆனால் கனமரம் அடியின் வேகத்தை உறிஞ்சிக்கொள்வதில்லை. அதனால் நடுவில் உள்ளங்கை விழும் பேஸ், விளிம்பில் எழும் டோன், சுளீரென்ற ஸ்லாப் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கெனி நம் வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த மரம். கண்மூடித்தனமாக வெட்டப்பட்டதால் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்தக் கட்டை என்று சொல்லி விற்றால் ஆவணம் கேளுங்கள்.

வெளியே செதுக்கியிருக்கும் பூவேலையில் மயங்காதீர்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கிண்ணமும் குழலும் சேரும் கழுத்து தெளிவாகக் குடையப்பட்டிருக்கிறதா, விரிசலில் மரத்தூளும் பசையும் திணித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். தோல் உட்காரும் விளிம்பு சமமாகவும் மழுங்கலாகவும் இருக்க வேண்டும். கூராக இருந்தால் தோலை அறுக்கும், கையையும் நோகடிக்கும். ஆட்டின் முதுகெலும்புக் கோடு முகத்தின் நடுவே ஓடுவது நல்ல அடையாளம்.

கானா ஜெம்பேக்குப் பெரும்பாலும் துவெனெபோவா மரம். மென்மையானது, லேசானது. சிறுவர்கள் தூக்கிப்போக வசதி. ஆனால் கயிற்றை இறுக்க இறுக்க மரம் தளரப் பார்க்கும், ஸ்லாப் மழுங்கும். அங்கே மண்ணுக்குரிய முரசு அக்ராவின் கா மக்களுடைய ப்பான்லோகோ. கானாக் கருவிதான் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள், அது பிரமாதம்.

இந்தோனேசியக் கட்டைகளில் பல கடைசல் இயந்திரத்தில் வருபவை. விலை குறைவு, பழக ஆரம்பிப்பவருக்குப் போதும். மிகச் சிறிய முகம் உள்ளவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் பேஸ் வராது.

செயற்கை ஜெம்பேயை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிளாஸ்டிக் முகம் மழைக்குத் தொய்யாது, சாவியைத் திருகினால் சுருதி ஏறும். ஸ்லாப்பில் ஒரு உலோக ஓசை ஒட்டிக்கொள்ளும், அதுதான் குறை. பள்ளிக்கூடத்துக்கும், ஈரக்காற்று வீசும் கடலோர ஊருக்கும் அது ஏற்றது. சுற்றுலாக் கடையில் விற்கும் அலங்கார ஜெம்பேயைவிட அது எவ்வளவோ மேல்.

ஆட்டுத்தோல் வாங்கினால் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. ஈரத்தில் தோல் தொய்யும், வறட்சியில் இறுகிக் கிழியும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போவதுதான் மிக மோசம். மேற்கு ஆப்பிரிக்கக் கலைஞர்கள் நிகழ்ச்சிக்கு முன் தீயருகே முகத்தைக் காட்டிச் சூடேற்றுவார்கள். அந்தப் பக்குவம் தெரியாமல் அடுப்பருகே வைக்காதீர்கள். ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெயைக் கட்டையின் உள்ளும் புறமும் தடவலாம், தோலில் வேண்டாம். மோதிரம், வளையல் கழற்றிவிட்டு வாசியுங்கள். சுருதி ஏற்ற, முகத்தை இழுத்துக் கட்டிய கயிறுகளுக்குக் குறுக்கே ஓடும் கயிற்றில், வைர வடிவில் விழும் முடிச்சுகளை ஒரே நாளில் போட்டுத் தள்ளாமல், இரண்டு மூன்று போட்டு ஒரு நாள் விடுங்கள். மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் சில முடிச்சுகளை அவிழ்த்து, முகத்துக்கு மெத்தை மூடி போட்டு வையுங்கள்.

தோல் கிழிந்தால், இறக்குமதியான பச்சைத் தோலை வீட்டில் வைத்து மயிர் சுரண்டும் வேலை கூடவே கூடாது. 2006இல் நியூயார்க்கில் முரசு செய்பவர் ஒருவர், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பச்சைத் தோலிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றி, மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத்தான் பிழைத்தார். பதப்படுத்திய தோலாக வாங்கி, ஜெம்பே கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.