குளிரில் பிரிட்ஜ் உறையாவிட்டால் உடனே கேஸ் ஏற்றாதீர்கள்

நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா பக்கம் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது. எங்கள் பிரிட்ஜின் மேல் பெட்டியில் வைத்த மீன் இளகிக் கிடக்கிறது என்று சொன்னதும், வந்த மெக்கானிக் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் இறங்கிவிட்டது, அக்கா” என்றார். கம்பிரசர் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பின்னாலிருந்த செப்புக் குழாயின் நுனியை வெட்டினார். உஸ்ஸென்று வாயு வெளியேறியது; அது அடங்குமுன்பே டார்ச்சைக் கொளுத்தி வால்வை ஒட்டினார். பிறகு வெளிர் நீலச் சிலிண்டரிலிருந்து தராசும் இல்லாமல், கைக்கணக்கில் ஏற்றினார். 14,000 ரூபாய். பில் புத்தகம் கடையில் இருக்கிறதாம்.

வெயில் அடித்த நாட்களில் பிரச்சினை இல்லை. பனி கொட்டிய இரவுகளில் மறுபடி மீன் இளகியது. மறுபடி வந்தவர், இந்தக் குளிருக்கு மூன்று மாதத்துக்கொரு தடவை கேஸ் போடத்தான் வேண்டும் என்று கூசாமல் சொன்னார்.

அந்த வாயு சமையல் எரிவாயு போல எரிந்து தீர்கிற சாமான் அல்ல. கம்பிரசர் அதை அழுத்திச் சூடாக்கும். பின்பக்கக் குழாய்களில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். நுண்குழாயைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து கொதித்து, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு மீண்டும் வாயுவாகும். மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது வேலையே அல்ல.

கேஸ் குறைந்த பிரிட்ஜில் கம்பிரசர் ஓயாமல் ஓடும். விறாந்தையில் நின்ற எங்களுடையதோ இரவெல்லாம் சத்தமின்றிக் கிடந்தது. கொழும்பில் ஏசி வேலை செய்யும் தம்பி பொங்கலுக்கு வந்தபோது முதலில் கேட்டதே அதைத்தான். சூட்டைப் பார்த்துக் கம்பிரசரை ஓட்டியும் நிறுத்தியும் வைக்கிற தெர்மோஸ்டாட் எங்கள் பிரிட்ஜில் கீழ்ப் பெட்டியில் இருக்கிறது. ஜனவரி இரவில் விறாந்தையே 10 பாகைக்குக் கீழே போனால் கீழ்ப் பெட்டி தானாகவே குளிர்ந்திருக்கும். கம்பிரசரை ஓட்டச் சொல்ல ஆளில்லை. மேல் பெட்டி இளகிவிடும். உள்ளே ஒட்டிய ஸ்டிக்கரில் ‘டி’ வகை என்றிருந்தது. 16 முதல் 43 பாகை வரையான இடத்துக்குச் செய்தது என்று அதற்குப் பொருள்.

அதே ஸ்டிக்கரில் உள்ளே சுற்றும் வாயு ஆர்-600ஏ, 52 கிராம் என்றும், தீப்பற்றும் என்பதற்கான முக்கோணக் குறியும் இருந்தன. டார்ச்சை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மகள் எடுத்த படத்தில் சிலிண்டரின் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது: ஆர்-134ஏ. அது வேறு வாயு. அதன் அழுத்தமும் கூட, அதற்கான எண்ணெயும் வேறு. 600ஏ-க்குச் செய்த கம்பிரசர் அதை நெடுநாள் தாங்காது.

தம்பி கண்டியிலிருந்து சரியான வாயுவை வாங்கிவந்து, குழாயை வெற்றிடமாக்கி, நிறுத்து ஏற்றினான். பிரிட்ஜைக் குசினிக்கு, அடுப்பின் வெதுவெதுப்பு எட்டுகிற பக்கம் மாற்றினோம். மீன் கல்லாக உறைகிறது.

கடையில் போய்க் கேட்டால், அவர் தங்கள் ஆளே இல்லை என்கிறார்கள். யாரை அழைத்தாலும் வாயுவின் பெயரையும் கிராமையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.