ஜிப்ஸிக்கு நீள ஷேக்கிள்: ஒரு அங்குலம் வரை சரி

மாருதி ஜிப்ஸியைக் கொஞ்சம் தூக்க வேண்டும், கையில் காசு குறைவு என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பட்டறைகளில் முதலில் காட்டுவது நீள ஷேக்கிள் செட்தான். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேஸியில் தொங்கவிடும் ஜோடித் தகடுதான் ஷேக்கிள். நாலு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து எட்டுத் தகடு, போல்ட், புஷ், அவ்வளவுதான். வெல்டிங் கிடையாது. பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போதே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) ஒரு முனை சேஸியில் அசையாமல் நிற்க, மறுமுனை மட்டும்தான் ஷேக்கிளில் தொங்குகிறது. அச்சு இருப்பது நடுவில். அதனால் ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது 1 அங்குலம்தான். "2 இஞ்ச் செட்" என்று கடைக்காரர் சொல்வது ஷேக்கிளின் நீளமா, வண்டியின் உயரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துளைக்குத் துளை டேப் வைத்து, பழையதோடு ஒப்பிட்டால் சண்டையே இல்லை.

தகடு 8 மி.மீ. இருக்கட்டும். துளை டிரில்லில் போட்டதாக இருக்க வேண்டும். கேஸ் கட்டரில் ஊதிய துளையில் போல்ட் ஆடும், ஆடினால் துளை நீள்வட்டமாகிவிடும். இரு தகடுகளையும் நடுவில் இணைக்கும் குறுக்குக் கம்பி இல்லாத செட்டை வாங்கவே வேண்டாம். வளைவில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது நீளத் தகடுகள் முறுக்கிக்கொள்ளும்.

மாட்டும்போது சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் தனி ஜாக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். பட்டறைகளில் அதிகம் நடக்கும் தப்பு இதற்கு அப்புறம்தான்: சக்கரம் தொங்கும்போதே ஷேக்கிள் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிய பிறகுதான் கடைசி முறுக்கு.

இனி உண்மையான குறை. ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை தாழ்ந்து, அச்சும் முன்பக்கமாகக் கவிழும், காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் முளையின் பின்சாய்வு, குறையும். ஸ்டீயரிங் திரும்பி வந்து நேராக நிற்கும் குணம் போய்விடும். 1 அங்குல உயரத்தில் இது லேசாகத் தெரியும். 2 அங்குலத்துக்குப் போனால் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவது பயம்தான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே 2 டிகிரி எஃகு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். தடித்த முனை வண்டியின் முன்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆப்பு வைத்தால் முன் டிஃபரன்ஷியலின் (அச்சில் உள்ள பல்சக்கரக் குடம்) மூக்கு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை, தாழும். அந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்கிறதா என்று 4x4 போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக்காதீர்கள், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) நீளத்தில் சரிசெய்யுங்கள்.

அச்சை முழுதும் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இறுகி நின்றால் நீள ஹோஸ் போடாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. 1 அங்குலத்துக்குப் பழைய ஷாக் அப்சார்பரே போதும்.

கொல்லுப் பட்டறையில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருவது இதைவிட மலிவு, ஆனால் வேண்டாம். எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடேற்றி டெம்பர் கொடுக்காவிட்டால் சில மாதத்தில் பட்டை படுத்துவிடும், இல்லையென்றால் ஒடியும். ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது பரவாயில்லை. எப்போதும் தேங்காய், மாங்காய் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அதுவே ஷேக்கிளைவிட நல்லது. சுமையில்லாமல் ஓட்டினால் முதுகு பேசும்.

இன்னொன்று. ஷேக்கிளோ பட்டையோ, எதைப் போட்டாலும் உயர்வது பாடிதான். டிஃபரன்ஷியல் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் கல்லில் முட்டுவது அந்தக் குடம்தான். அதைத் தூக்குவது டயர் மட்டுமே. 205/70 ஆர்15-ஐ 215/75 ஆர்15 ஆக்கினால் கிட்டத்தட்ட 18 மி.மீ. கிடைக்கும், மீட்டரில் 60 காட்டும்போது உண்மையில் 63 போவீர்கள். பாதைதான் உங்கள் பிரச்சினை என்றால் காசை முதலில் டயருக்குப் போடுங்கள். அந்த டயர் உரசாமல் இருக்கத்தான் ஷேக்கிள்.

ஆர்.சி. விஷயமும் உண்டு. உற்பத்தியாளர் தந்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி வேறு. ரோட்டில் ஓடுவது என்றால் செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

மாட்டி 200 கிலோமீட்டர் ஓடியதும் ஷேக்கிள் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். ஆப்பு வைத்திருந்தால் பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டும் புதிதாக இருக்க வேண்டும், அதையும் இறுக்க வேண்டும். பின் அச்சில் சுமைக்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டி என்றால், உயர்த்தியதும் அது வண்டி காலியாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியைச் சரிசெய்த பிறகே தொப்பூர் கணவாயில் மூட்டையோடு இறங்குங்கள்.