கக்குவான் இருமல்: பழைய ஊசியா, வலி குறைந்த ஊசியா?

கைக்குழந்தைக்குப் போடும் முதல் ஊசிகளைப் பொறுத்தவரை நான் பழைய முழுச்செல் ஊசியின் பக்கம். கக்குவான் இருமலை உண்டாக்கும் போர்டெடெல்லா பெர்டுசிஸ் பாக்டீரியாவைக் கொன்று, முழுசாகப் போடுவது அது. புதிய செல்லற்ற ஊசியில் அந்தப் பாக்டீரியாவிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த ஒன்று முதல் ஐந்து புரதங்கள் மட்டுமே இருக்கும்.

பழைய ஊசிக்குக் காய்ச்சல், தொடை வீக்கம், நிற்காத அழுகை அதிகம். அந்தப் பயம் சாதாரணமானது அல்ல. 1975ல் ஜப்பான் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஊசி போடுவோர் குறைந்தார்கள். 1979ல் 13,000 பேருக்கு மேல் நோய் வந்து, 41 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 1981ல்தான் அங்கே செல்லற்ற ஊசி வந்தது.

இனி, அந்தச் சில புரதங்கள் எவை என்று பார்ப்போம். எல்லாச் செல்லற்ற ஊசியிலும் இருப்பது, விஷத்தன்மை நீக்கிய பெர்டுசிஸ் நச்சு. பாக்டீரியா வெளியே விடும் இந்த நச்சுதான் குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் கண்டபடி ஏற்றிவிடுகிறது. அதனால் இதற்கான எதிர்ப்பு இருந்தால் நோய் முற்றுவது குறையும். மற்றவை பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருப்பவை: மூச்சுக்குழலில் ஒட்ட உதவும் இழை ஹீமக்ளூட்டினின், மயிர் போன்ற ஃபிம்ப்ரியா, அப்புறம் பெர்டாக்டின்.

பெர்டாக்டின் கதையைக் கவனியுங்கள். அதற்கு எதிரான ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) ஒட்டினால், வெள்ளை அணுக்கள் பாக்டீரியாவை எளிதில் விழுங்கும். ஆனால் செல்லற்ற ஊசி போடும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெர்டாக்டினே இல்லாத பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. பெர்டாக்டினுக்கான மரபணு கெட்டுப்போனாலும் அவை பிழைத்துக்கொள்கின்றன, இருமலையும் உண்டாக்குகின்றன. முழுச்செல் ஊசி உடலுக்குக் காட்டும் பாக்டீரியா அடையாளங்கள் ஏராளம். ஒன்றை உதிர்த்துவிட்டு அதனிடம் தப்புவது கடினம்.

பபூன் குரங்குகளில் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். செல்லற்ற ஊசி போட்டவற்றுக்கு நோய் வரவில்லை. ஆனால் தொண்டையில் பாக்டீரியா வாரக்கணக்கில் தங்கி, ஊசி போடாத குரங்குக்கும் பரவியது. முழுச்செல் ஊசி போட்டவை அதைச் சீக்கிரம் விரட்டின. அந்த ஊசி எழுப்பும் டி செல் (நோயை எதிர்க்கும் ஒருவித வெள்ளை அணு) வகையே வேறு. செல்லற்ற ஊசியின் பாதுகாப்பு சில வருடங்களிலேயே தேய்வதும் தெரிந்ததுதான்.

பழைய ஊசி எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். 1990களில் இத்தாலியிலும் ஸ்வீடனிலும் சோதித்த ஒரு முழுச்செல் ஊசி பாதிப் பாதுகாப்புகூடத் தரவில்லை. தயாரிப்பைப் பொறுத்துத் தரம் அவ்வளவு மாறும்.

கர்ப்பிணிகளுக்குச் செல்லற்ற ஊசிதான் சரி. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், முதல் ஊசி போடும்வரை காக்கிறது. அந்த இடைவெளியில்தான் இந்த நோய் அதிகம் கொல்கிறது. கைக்குழந்தைக்குச் செல்லற்ற ஊசி மட்டுமே கிடைக்கிறதென்றால், முழுச்செல் ஊசிக்காகக் காத்திருக்காமல் அதையே உரிய நாளில் போடுங்கள்.