கண்புரை லென்ஸை மெய்நிகர் கருவியில் காட்டினால், அன்றே கையெழுத்திடாதீர்கள்

என் அப்பாவுக்கு 67 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கிறோம். பதினெட்டு ஆண்டுகளாக இரவு ஷிப்ட் டாக்சி ஓட்டியவர். கடந்த ஆண்டு ஒரு தனியார் கண் மருந்தகத்தில் அவருடைய வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கத்தி வைத்த மருத்துவரின் கைத்திறனில் நான் குறை சொல்லவில்லை. கண்புரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸை எங்கள் தலையில் கட்டிய விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பரிசோதனை முடிந்ததும் எங்களை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தவர் மருத்துவர் இல்லை, 'ஆலோசகர்'. அப்பாவின் தலையில், கண் முன்னே படம் காட்டும் மெய்நிகர்க் (VR) கருவியை மாட்டிவிட்டார். அப்பா பார்ப்பது பக்கத்துத் திரையில் எனக்கும் தெரிந்தது. பேரங்காடி அலமாரி, கடற்கரை, உணவகத்தின் விலைப்பட்டியல். ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் ஒற்றைக் குவிய லென்ஸ் என்று பொத்தானை அழுத்தினார். பட்டியலின் எழுத்துகள் தண்ணீர் பட்ட மைபோலக் கலைந்தன. பன்முகக் குவிய லென்ஸ் என்று அழுத்தினார். எல்லாம் பளிச்சென்று ஆனது. அப்பா குழந்தைபோலக் கையை நீட்டி அந்தப் பட்டியலைத் தொடப் பார்த்தார்.

கடைசியில் ஓர் இரவுச் சாலை வந்தது. தெருவிளக்குகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். மூன்று நொடிகூட இருக்காது, மாற்றிவிட்டார். "இது கொஞ்ச நாளில் பழகிவிடும், அங்கிள்" என்றார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவே இல்லை. அவர் பூர்த்தி செய்த படிவம் மேசையில்தான் கிடந்தது.

அன்றே முடிவு செய்தால் ஒரு கண்ணுக்கு 500 வெள்ளி தள்ளுபடி என்றார். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இருந்தது. லென்ஸுக்கான கூடுதல் பணத்தைக் கையிலிருந்து கட்டினோம். இடது கண்ணுக்கும் 1,800 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். கூட இருந்து படித்தவள் நான். நானே அப்பாவின் கையில் பேனாவைக் கொடுத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் வாரம் அப்பா முதன்முறையாக இரவில் வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மத்திய விரைவுச்சாலையில் ஏறிய சில நிமிடங்களில் வேகத்தைக் குறைத்தார். எதிர்ப்பக்கம் வரும் ஒவ்வொரு விளக்கும் சிலந்தி வலைபோல விரிகிறது என்றார். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லையாம். அங் மோ கியோ வெளிவழியில் இறங்கி ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் தரையைப் பார்த்தபடியே நடந்துவந்தார்.

வேறொரு கண் மருத்துவரிடம் போனபோதுதான் விவரம் புரிந்தது. பன்முகக் குவிய லென்ஸ் கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. அதனால்தான் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், மங்கிய வெளிச்சத்தில் பொருள்கள் பின்னணியோடு கலந்துபோவதும் அந்தப் பங்கீட்டின் விலை. பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகிவிடுகிறது, சிலருக்குப் பழகுவதே இல்லை. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த லென்ஸை யோசித்துத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றார் அவர். முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

அந்தக் கருவி காட்டியது அப்பாவின் பார்வையே இல்லை. அது மென்பொருள் வரைந்த படம். கலங்கலும் தெளிவும் அதற்குள் முன்பே தீட்டி வைக்கப்பட்டவை, யார் மாட்டினாலும் அதே காட்சிதான். உங்கள் கருவிழியின் வளைவும் கண் வறட்சியும் இருட்டில் கண்பாப்பா எவ்வளவு விரியும் என்பதும் அதற்குத் தெரியாது. எதிரே வரும் வண்டியின் முன்விளக்கு கண்ணைக் கூசவைக்கும் அளவை அந்தச் சின்னத் திரையால் தரவும் முடியாது. அதோடு, அப்பா அதைக் கண்புரை படிந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்!

என்னை அதிகம் கோபப்படுத்துவது வேறொன்று. ஒற்றைக் குவிய லென்ஸோடு சாதாரண வாசிப்புக் கண்ணாடி போட்டால் அந்த விலைப்பட்டியல் எப்படித் தெரியும் என்று காட்டும் பொத்தான் அதில் இல்லவே இல்லை. தெளிவாகத் தெரிந்திருக்கும். பிறகு யார் கூடுதல் பணம் கட்டுவார்கள்?

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. லென்ஸுக்கு லென்ஸ் என்ன வித்தியாசம் என்று வாயால் சொல்லிப் புரியாத முதியவர்களுக்கு அது உதவும். ஸ்பெயினில் உருவான சிம்விஸ் என்ற கருவியில் வரைந்த படத்துக்குப் பதிலாக நிஜ உலகையே பார்க்கலாம், அதன் லென்ஸ்தான் குவியத்தை வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும். கண்புரைக்கு அல்லாமல், கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சையில் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைத்துக்கொள்ள நினைப்பவர்கள், முதலில் சில நாள் அதே அளவில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு நடமாடிப் பார்க்கக் கேளுங்கள். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

மூன்று மாதம் கழித்து அதே மருந்தகத்தில், லேசர் வைத்தால் வளையம் குறையும் என்றார்கள். இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். லென்ஸைத் தாங்கும் உறையின் பின்புறம் மங்கியிருந்தால் அந்த லேசர் சரியான சிகிச்சைதான். ஆனால் உறையில் ஒருமுறை துளை போட்டுவிட்டால், பின்னால் லென்ஸை மாற்றுவது மிகவும் கடினமாகிவிடும், ஆபத்தும் கூடும். அப்பாவின் உறை தெளிவாகவே இருப்பதாக இரண்டாவது மருத்துவர் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம்.

இடது கண்ணுக்குப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போய் ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்துக்கொண்டார். டெக்காவில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ் முரசு படிக்கிறார். வலது கண் லென்ஸை மாற்றுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டார், ஏழு மணிக்கு இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறார். வருமானம் குறைந்திருக்கிறது.

முன்பணத்தைத் திருப்பித் தர மருந்தகம் மறுத்தது. பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். புகாருக்காக அப்பாவின் மருத்துவப் பதிவேட்டின் நகலை மருந்தகத்தில் கேட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது: டாக்சி, இரவு.