லேடீஸ் ஹாஸ்டல் பின்கேட் எதிரே இருக்கிற பழைய பேப்பர் கடை: 4/5

கோயமுத்தூர்ல எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சு ரூமைக் காலி பண்றோம். ரெண்டு வருஷமா கட்டிலுக்கு அடியில சேர்ந்ததை நாலு பேரா தூக்கிட்டுப் போய் எடைக்குப் போட்ட கடை இது. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டாய், ஒரு எலக்ட்ரானிக் தராசு, சுத்தியும் சாக்கு மூட்டை.

எங்க வளாகத்துல பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு ஜோடி ஜோடியா நிக்கும். காலைல வர்ற டிராக்டர் ரெண்டையும் ஒண்ணாவே கவுத்துக்கிட்டுப் போகும். மொட்டை மாடியில இருந்து அதைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தரம் பிரிக்கிற ஆசை போச்சு. இங்க அப்படி நடக்க வழியில்லை. கலந்தா கடைக்கார அண்ணாவுக்குக் கைக்காசு போகும்.

ரெக்கார்ட் நோட்டை அப்படியே தராசுல வைக்க விடல. "அட்டை வேற, தாள் வேறங்க அம்மணி" என்று உட்காரவெச்சுக் கிழிக்கவிட்டார். ஸ்பைரல் கம்பியை உருவினா அது இரும்புச் சாக்குக்கு. அரை மணி நேரம் போச்சு, விரல்ல கீறல் வேற. தாள் 31 கிலோ, கிலோ 12 ரூபாய்; அட்டைக்கு 8.

தண்ணி பாட்டிலோட மூடியைத் திருகித் தனிச் சாக்குல போட்டார். ஏண்ணா என்றேன். "தண்ணில போட்டாப் பாட்டில் முங்கும், மூடி மிதக்கும் கண்ணு. ரெண்டும் வேற சரக்கு." பாட்டில் பெட் (PET) என்கிற பிளாஸ்டிக், அடர்த்தி 1.38; தண்ணிக்கு 1. மூடி பாலிஎத்திலீனோ பாலிப்ரொப்பிலீனோ, 1-க்குக் கீழே. இதைத்தான் நான் பரீட்சையில தப்பா எழுதிட்டு வந்தேன்.

பால் கவர் கழுவிக் காயவெச்சிருந்தா எடுத்துக்கிறார். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடவே மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடக்கிறதை யார் பிரிக்கிறது? டீ கப்பும் அதே கதைதான். பேருக்குத்தான் பேப்பர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தடையான பட்டியல்ல அதுவும் உண்டு. எங்க கேன்டீன்ல மட்டும் தீர்ந்தபாடில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைச்சேன்னா, 31 கிலோ 400 கிராம் இருந்தது, அந்த 400-ஐக் கண்டுக்கவே இல்லை. ஜிபேயும் கிடையாது. ஆதார் நகல், மார்க் ஷீட் நகல் ஏதாவது நோட்டுக்குள்ள இருக்கான்னு நீங்களே புரட்டிப் பார்த்துடுங்க, அவர் பார்க்க மாட்டார்.

போறவங்க கொட்டாயோட இடது மூலைக்கு ஒருதரம் போங்க. கிழிக்க மனசு வராத பாடப்புத்தகத்தை எல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒண்ணு 60 ரூபாய்க்குக் கேட்டார். பிரிச்சுப் பார்த்தா முதல் பக்கத்துல எங்க ரூம் நம்பர், எங்க சீனியர் அக்கா கையெழுத்து. வாங்கி ஜூனியர் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வந்தேன்.