காளவாசல் விசா ஆவண ஆலோசனை நிலையம்: மேசையில் கிடைத்த விளக்கமும் கையில் கொடுத்த கையேடும்

மதுரை காளவாசல் பகுதியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கும் விசா ஆவண ஆலோசனை நிலையத்தைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் எழுதப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். விசா வாங்கித் தருவதாக அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வேலைக்கு ஆள் அனுப்புவதும் இல்லை. வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து, அவற்றில் மண்டிக் கிடக்கும் எழுத்துச் சுருக்கங்களுக்குப் பொருள் சொல்லி, அடுத்து எந்தத் தாளைத் தயார் செய்ய வேண்டும் என்று விளக்குவதோடு அவர்களுடைய பணி முடிகிறது. ஓர் அமர்வுக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். நான்கு பக்கச் சுருக்கக் கையேடு ஒன்றையும் கொடுக்கிறார்கள்.

நான் அங்கே போனது என் அக்காவுக்காகவும் அத்தானுக்காகவும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர்களுடைய மகன், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக, உறவினரை அழைப்பதற்கான ஐ-130 மனு போட்டிருக்கிறான். அதற்கு வந்த ஐ-797சி என்ற தாளை அவன் அனுப்பியதுமே, விசா வந்துவிட்டதென்று அத்தான் சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்லி முடித்துவிட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அந்தத் தாளை வாங்கி, எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'சி' எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். இந்த அறிவிப்பினால் எந்தக் குடியேற்றத் தகுதியும் பயனும் கிடைத்துவிடாது என்று அதிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த வரியின் மேல் ஸ்கேலை வைத்து, "இது ரசீதுதாங்கம்மா, மனு வந்து சேர்ந்துச்சுன்னு சொல்றாங்க" என்றார். அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

ரசீது எண்ணின் முதல் மூன்று எழுத்துகளுக்குக் கையேட்டில் தெளிவான விளக்கம் இருக்கிறது. டபிள்யூ.ஏ.சி. என்றால் கலிபோர்னியா மையம், இ.ஏ.சி. என்றால் வெர்மான்ட், எல்.ஐ.என். என்றால் நெப்ராஸ்கா, எஸ்.ஆர்.சி. என்றால் டெக்சாஸ், ஐ.ஓ.இ. என்றால் மின்னணு முறையில் கையாளப்படும் மனு என்று ஒரே பார்வையில் புரியும்படி அச்சிட்டிருக்கிறார்கள். கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்.எஃப்.இ., மறுக்கப்போவதாக முன்கூட்டியே தெரிவிக்கும் என்.ஓ.ஐ.டி. ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து, முதலாவது வந்தால் பதற வேண்டியதில்லை, ஆனால் கெடுவைத் தவறவிடக் கூடாது என்று குறிப்பும் எழுதியிருப்பது அனுபவம் உள்ளவர்கள் செய்த வேலை. விசா வரிசையில் இடம் பிடித்த நாளைக் குறிக்கும் பி.டி. என்கிற முன்னுரிமைத் தேதிக்கான விளக்கமும் நன்று. குடிமக்களின் பெற்றோருக்கு வரிசை கிடையாது. அதே குடிமகன் உடன்பிறந்தவருக்கு எஃப்4 பிரிவில் மனு போட்டால், இந்தியாவில் பிறந்தவர்கள் 15 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேர்கிறது. இந்த வேறுபாட்டை இரண்டே வரிகளில் சொல்லிவிட்டார்கள்.

குறை எங்கே வருகிறதென்றால், எல்லா நாடுகளின் சுருக்கங்களையும் ஒரே அகரவரிசையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விரிவாக்கத்தைக் கொடுத்திருப்பதில்தான். ஏ.ஓ.எஸ். என்பதற்கு, அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் ஐ-485 படிவத்தின் மூலம் நிரந்தர வசிப்புரிமை கேட்கும் 'தகுதி மாற்றம்' என்று மட்டுமே கையேட்டில் இருக்கிறது. மதுரையில் இருக்கும் அக்காவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மனு ஏற்கப்பட்ட பிறகு கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத்தில் உள்ள என்.வி.சி. என்ற தேசிய விசா மையத்துக்குப் போகும்போது, ஏ.ஓ.எஸ். கட்டணம் 120 டாலர், ஐ.வி. என்ற குடியேற்ற விசாக் கட்டணம் 325 டாலர் என்று இரண்டு பற்றுகள் காட்டப்படும். அந்த ஏ.ஓ.எஸ்., மகன் ஐ-864 படிவத்தில் கொடுக்க வேண்டிய ஆதரவு உறுதிமொழியைக் குறிப்பது. மனுவைப் பரிசீலிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கீழும், விசா கோப்பைத் தயார் செய்யும் என்.வி.சி. வெளியுறவுத் துறைக்குக் கீழும் இருப்பதால், ஒரே எழுத்துகளுக்கு இரண்டு வீட்டு வழக்கு அமைந்துவிட்டது. கேட்டபோது அந்தப் பெண்மணி இதைத் தடுமாறாமல் விளக்கினார். வாய்க்கு இவ்வளவு தெளிவாக வரும் விஷயம் அச்சுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதே குழப்பம் வேறு பல இடங்களிலும் இருக்கிறது. சி.ஓ.எஸ். என்பது அமெரிக்கத் தாளில் ஒரு விசா வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. பிரிட்டனிலோ வேலைக்கு எடுக்கும் நிறுவனம் கொடுக்கும் ஆதரவுச் சான்று. ஏ.பி. என்பது பயண முன்னனுமதியாகவும் இருக்கலாம், நேர்காணலுக்குப் பிறகு 221(ஜி) தாளைக் கொடுத்து நிறுத்திவைக்கும் நிர்வாகப் பரிசீலனையாகவும் இருக்கலாம். முன்னது வசதி, பின்னது காத்திருப்பு. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு பி.ஓ.இ. என்றதும் சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகமே நினைவுக்கு வரும். அமெரிக்கத் தாளில் அதே எழுத்துகள், பயணி வந்து இறங்கும் நுழைவிடத்தைக் குறிக்கும். இ.சி.ஆர். என்பதைக் கடற்கரைச் சாலை என்று எடுத்துக்கொள்பவர்களும் இருப்பார்கள் என்று நினைத்தோ என்னவோ, அது பாஸ்போர்ட்டில் வரும் குடிபெயர்வுச் சோதனை முத்திரை என்றும், பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அது தேவைப்படாது என்றும் கையேட்டில் விளக்கமாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த அக்கறையை மற்றவற்றுக்கும் காட்டி, நாடு, அலுவலகம் என்று இரண்டு கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் கையேடு எட்டுப் பக்கம் ஆகியிருக்கும். யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்தது எஃப்.என்.யு. பற்றிய பேச்சில்தான். நம் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்வதால், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது. அக்காவின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். அத்தகையவர்களுக்கு அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் உள்ள ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் வரியில் ஏற்றிவிட்டு, இயற்பெயர் வரியில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளை அச்சிடுகிறார்கள். பெயர் மறைக்கப்பட்ட ஒரு விசாப் பக்கத்தின் நகலை எடுத்து அந்தப் பெண்மணி காட்டியபோதுதான் அத்தான் முதன்முறையாக மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குடியேற்ற விசாவுக்கான டி.எஸ்.-260 படிவத்தை நிரப்புவதற்கு முன்பே ரேஸ்கோர்ஸ் சாலை பாஸ்போர்ட் அலுவலகத்தில் குடும்பப் பெயர் சேர்த்து மறுவெளியீடு வாங்கிக்கொள்வது நல்லது என்றும், காவல்துறைத் தடையின்மைச் சான்றான பி.சி.சி.யைப் புதிய பாஸ்போர்ட் வந்த பிறகே கேட்க வேண்டும் என்றும் வரிசைப்படுத்திச் சொன்னார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளைச் சுற்றுலா விசாவுக்கு ஏற்பதில்லை என்று அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வியோடு வருபவர்கள் அதிகமாம். இவ்வளவு பயனுள்ள செய்தி கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கையேடு பழையது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. பிரிட்டனின் பி.ஆர்.பி. என்ற வசிப்பு அனுமதி அட்டையை இப்போதும் நடைமுறையில் இருப்பது போலவே எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகி, இ-விசா வந்துவிட்டது. கனடாப் பகுதியில் விண்ணப்பிக்க அழைக்கும் ஐ.டி.ஏ., விண்ணப்பம் கிடைத்ததென்று சொல்லும் ஏ.ஓ.ஆர்., நிரந்தர வசிப்பை உறுதிசெய்யும் சி.ஓ.பி.ஆர். எல்லாம் இருக்கின்றன; 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்குப் புதிதாகச் சேர்ந்த பி.ஏ.எல். என்ற மாகாண உறுதிக் கடிதம் இல்லை. ஆகவே, அமெரிக்கக் குடும்ப விசாவுக்கு இந்த நிலையத்துக்குத் தாராளமாகப் போகலாம். கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் பிள்ளைகளைப் படிக்க அனுப்புபவர்கள், கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தை நேரடியாகப் பார்ப்பதே பாதுகாப்பு.

மாலை வேளையில் கூட்டம் அதிகம். மாடிப்படியிலேயே உட்கார வேண்டியிருக்கும், வயதானவர்களுக்குச் சிரமம். காலையில் போவது நல்லது. கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகாமல், எல்லாப் பக்கங்களையும், மேலே அலுவலகப் பெயர் தெரியும்படி அச்செடுத்துக்கொண்டு போங்கள். எந்த அலுவலகம் அனுப்பியது என்று தெரியாமல் அந்தப் பெண்மணி ஒரு சுருக்கத்துக்கும் பொருள் சொல்ல மறுக்கிறார்.